முதலில் கொடுக்கு, அப்புறம்தான் சோடா

ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில் தேனீ, குளவிக் கடிக்கான வீட்டு வைத்தியக் குறிப்புகளைப் படித்தேன். தேனீக்குச் சமையல் சோடா, குளவிக்கு வினிகர், இரண்டும் கைவசம் இல்லையென்றால் வெங்காயம், சுண்ணாம்பு, பற்பசை என்று பட்டியல் நீண்டது. கொடுக்கை எடுக்கச் சொல்லி ஒரு வரிகூட இல்லை.

குறை சொல்ல எனக்கும் பெரிய தகுதி கிடையாது. நான் ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியன். 'தேனீயின் நஞ்சு அமிலம், காரம் தடவு. குளவியின் நஞ்சு காரம், அமிலம் தடவு' என்று வருடக்கணக்கில் வகுப்பில் சொன்னவன். நடுநிலையாக்கலுக்கு அவ்வளவு வசதியான எடுத்துக்காட்டு வேறு அமையாது. பிள்ளைகள் தேர்வில் அப்படியே எழுதினார்கள், நானும் முழு மதிப்பெண் போட்டேன்.

ஒருநாள் என் பேத்தியைத் தேனீ கொட்டிவிட்டது. அழுதுகொண்டே கையை நீட்டினாள். நான் கையைப் பார்க்காமல் சமையலறைக்கு ஓடினேன். சோடா டப்பாவைத் தேடிப் பிடித்து, கிண்ணத்தில் குழைத்து எடுத்து வந்து பார்த்தால், புறங்கையில் கொடுக்கு முள் மாதிரி குத்தி நிற்கிறது. அதன் நுனியில் கடுகைவிடச் சின்னதாக, வெளிறிய ஒரு பை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தேன். அந்தப் பை இன்னும் துடித்துக்கொண்டிருந்தது!

தேனீயின் கொடுக்கில் பின்னோக்கி வளைந்த முட்கள் உண்டு. தோலில் மாட்டிக்கொண்டால் நச்சுப்பையோடு சேர்ந்து பிய்ந்து வந்துவிடும்; தேனீ பறந்துபோன பிறகும் பையின் தசைகள் நஞ்சை உள்ளே செலுத்திக்கொண்டே இருக்கும். நான் டப்பா தேடிய நேரமெல்லாம் நடந்தது இதுதான். பையைக் கிள்ளினால் நஞ்சு பிதுங்கிவிடும், அட்டையால் வழித்துத்தான் எடுக்க வேண்டும் என்பார்கள். 1996-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு இரண்டு வழிகளையும் சோதித்தது. எப்படி எடுத்தாலும் வித்தியாசம் இல்லை, விநாடிகள் தள்ளிப்போகத்தான் தடிப்பு பெரிதானது. நகமோ விரலோ, எது முந்துகிறதோ அதுவே போதும். எடுத்தவுடன் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுங்கள். பிய்ந்த கொடுக்கிலிருந்து கிளம்பும் வாசனை (வாழைப்பழ வாசனையேதான்) மற்ற தேனீக்களையும் கொட்டத் தூண்டும். குளவி பொதுவாகக் கொடுக்கை விட்டுச் செல்வதில்லை, அதே குளவி திரும்பத் திரும்பக் கொட்டும். அங்கே விலகி ஓடுவதுதான் முதல் வேலை.

சரி, என் அமிலம்–காரம் என்ன ஆனது? தேனீ நஞ்சில் வலியைக் கிளப்புவது முக்கியமாக மெலிட்டின் என்ற பெப்டைடு, அதாவது ஒரு சிறு புரதத் துண்டு. உலர்ந்த நஞ்சில் ஏறக்குறைய பாதி அதுதான். குளவி நஞ்சில் ஹிஸ்டமின், செரோடோனின் போன்ற, வலியும் அரிப்பும் தரும் பொருள்கள் இருக்கின்றன. இவற்றின் வேலை அமிலத்தன்மையையோ காரத்தன்மையையோ நம்பி இல்லை. மேலும் நஞ்சு இறங்கியிருப்பது தோலுக்கு அடியில். நாம் பூசுவது தோலின் மேல். ஈர சோடாப் பசை சில்லென்று இருக்கும், கெடுதல் இல்லை. சுண்ணாம்பு அப்படியல்ல, தோலைப் புண்ணாக்கிவிடும். மண்ணும் சேறும் பூசுவது கிருமியை அழைத்து வந்து உட்கார வைப்பதுதான்.

சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிடம் ஒற்றுங்கள். விரலில் மோதிரம் இருந்தால் வீங்குவதற்குள் கழற்றிவிடுங்கள். அரிப்புக்கு மருந்துக்கடையில் கேட்டு ஒரு ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரை. இரண்டாம் நாள் வீக்கம் கூடினாலே சீழ் பிடித்துவிட்டதென்று பயப்பட வேண்டாம், பெரும்பாலும் அது நஞ்சின் வேலைதான்.

ஆனால் கொட்டிய இடத்தை விட்டு உடம்பெங்கும் தடிப்பு எழும்பினாலோ, உதடு, நாக்கு, முகம் வீங்கினாலோ, மூச்சு திணறினாலோ, தலை சுற்றினாலோ, வாந்தி எடுத்தாலோ வீட்டு வைத்தியத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும். அங்கே உயிர் காப்பது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. ஒவ்வாமை மாத்திரை அதற்கு ஈடாகாது. போன தடவை கொட்டியபோது ஒன்றும் ஆகவில்லையே என்று இருந்துவிடவும் முடியாது. வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டினாலும், ஏராளமாகக் கொட்டியிருந்தாலும் உடனே மருத்துவமனைதான்.

அடுத்த இதழில் இந்த அறிகுறிகளைக் கட்டம் கட்டிப் போடுங்கள். வெங்காயம் அதற்குக் கீழே வரட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. என் பழைய மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த ஒரு கேள்விக்கு நான் போட்ட மதிப்பெண்ணைத் திரும்பக் கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு வேதியியல் ஆசிரியர்