ஏழு அடுக்கின் பெயர் தெரிந்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையம் இயங்கும் விதம் பற்றித் தங்கள் இதழில் வெளிவரும் தொடரை விடாமல் படிக்கிறேன். சென்ற பகுதியில் கணினி வலையமைப்பின் வேலைகளை ஏழு அடுக்குகளாகப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ மாதிரியின் அடுக்குகள் எல்லாம் பிழையின்றி வரிசையாக வந்திருந்தன. அவற்றை ஏன் பிரித்தார்கள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. இந்தப் பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்தியவன் என்பதால் எனக்கு அது பெரிய குறையாகப் பட்டது. மாணவர்கள் அந்தப் பெயர்களை வாய்ப்பாடு போல ஒப்பித்து மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். வழியில் இருந்து தகவலை அடுத்த இடத்துக்கு அனுப்பும் கருவியான ரவுட்டர் எந்த அடுக்கு வரை பார்க்கும் என்று கேட்டால் விழிக்கிறார்கள்.

வகுப்பில் நான் 1986-இல் இருந்துதான் தொடங்குவேன். அந்த அக்டோபரில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும், சுமார் 400 கஜ தூரத்தில் இருக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே நொடிக்கு 32,000 பிட் வேகத்தில் சென்ற தகவல் வெறும் 40 பிட்டாகச் சரிந்தது. நெரிசலில் பாக்கெட்டுகள், அதாவது தகவலைப் பிரித்து அனுப்பும் சிறு துண்டுகள், தொலைந்தன. வந்து சேர்ந்தது என்ற ஒப்புகை கிடைக்காத கணினிகள் அவற்றையே திரும்பத் திரும்ப அனுப்பின. நெரிசல் மேலும் முற்றியது.

வான் ஜேக்கப்சனும் மைக்கேல் கேரல்ஸும், தகவல் முழுதாகப் போய்ச் சேர்வதைக் கவனிக்கும் நெறிமுறையான டிசிபியில் மட்டும் கைவைத்து இதைச் சரிசெய்தார்கள். முதலில் கொஞ்சமாக அனுப்ப வேண்டும். ஒப்புகை வர வரக் கூட்ட வேண்டும். பாக்கெட் தொலைந்தால் நெரிசல் என்று கொண்டு உடனே குறைக்க வேண்டும். டிசிபி இரு முனைகளிலும் உள்ள கணினிகளில் இயங்குவது. நடுவில் இருக்கும் ரவுட்டர்கள், போய்ச் சேர வேண்டிய கணினியைக் குறிக்கும் ஐபி முகவரியைப் பார்த்துப் பாக்கெட்டை அடுத்த இடத்துக்குத் தள்ளிவிடுவதோடு சரி. அதனால் அவற்றைத் தொட வேண்டியிருக்கவில்லை. மேலே மின்னஞ்சல் நிரலோ கீழே கணினிகளை இணைக்கும் ஈதர்நெட்டோ எதுவும் மாறவில்லை. அடுக்கு என்பதன் அருமை எனக்கே இந்த நிகழ்வை அறிந்தபோதுதான் முழுதாகப் புரிந்தது.

1974-இல் விண்ட் செர்ஃபும் பாப் கானும் முன்வைத்தபோது டிசிபி ஒரே நெறிமுறையாகத்தான் இருந்தது. முகவரி பார்த்து அனுப்பும் வேலையை ஐபி என்று தனியே பிரித்தது பிறகுதான். பிரிக்காமல் விட்டிருந்தால் 1986-இன் சிக்கலை இவ்வளவு சுலபமாகத் தீர்த்திருக்க முடியாது என்பது என் உறுதியான கருத்து.

தொடரின் அடுத்த பகுதியில் இந்த நிகழ்வுக்கு அரைப் பக்கமாவது ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். படத்துடன் வெளியிட்டால் ஆசிரியர்கள் அதை அப்படியே வகுப்புக்கு எடுத்துச் செல்ல முடியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் விரிவுரையாளர்,
தஞ்சாவூர்