போறேன்னு சொல்ற ஸ்டாரை உடனே அனுப்பிடணுமா?

ஆசிரியருக்கு வணக்கம். அமெரிக்க கூடைப்பந்து லீக்கான என்பிஏல ஒரு ஸ்டார் பிளேயர் எனக்கு இங்க பிடிக்கல, ட்ரேட் பண்ணுங்க, அதாவது வேற டீமுக்கு மாத்தி விடுங்கன்னு வாய் திறந்தா போதும், அனுப்பி விடுங்கன்னு ரசிகர்கள் கத்த ஆரம்பிச்சிடறாங்க, எனக்கு அதுல உடன்பாடே இல்ல. 2007ல கோபி பிரையன்ட் தன்னோட டீம் லேக்கர்ஸ விட்டுப் போறேன்னு வெளிப்படையாவே சொன்னாரு, டீம் அவசரப்படல, 2008 பிப்ரவரில அவருக்குத் துணையா பாவ் கசோல்ங்கற பிளேயரக் கொண்டு வந்தாங்க, அப்புறம் 2009, 2010னு அடுத்தடுத்து ரெண்டு சாம்பியன்ஷிப். குறை என்னன்னு கேட்டு முதல்ல அதை சரி பண்ணப் பாக்கணும் சார்.

அதுக்காக, கான்ட்ராக்ட் முடியற வரைக்கும் இழுத்துப் பிடிக்கறதும் தப்புதான். 2016ல கெவின் டுரான்ட் ஃப்ரீ ஏஜென்ட்டா, அதாவது கான்ட்ராக்ட் முடிஞ்சு விரும்பின டீமுக்குப் போகலாம்ங்கற நிலையில கிளம்பிட்டாரு, அவரோட டீம் ஓக்லஹோமா சிட்டி வெறுங்கையோட நின்னுச்சு. அதே டீம் 2019ல பால் ஜார்ஜ் ட்ரேட் கேட்டதும், கான்ட்ராக்ட் பாக்கி இருக்கும்போதே கிளிப்பர்ஸ் டீமுக்குக் கொடுத்து ஷாய் கில்ஜியஸ் அலெக்சாண்டரையும் அஞ்சு முதல் ரவுண்டு பிக்கையும் (புது பிளேயர்கள எடுக்கற ட்ராஃப்ட்ல முதல் சுற்றுலயே தேர்ந்தெடுக்கற உரிமை) கறந்துட்டாங்க, அதுல ஒரு பிக்லதான் ஜேலன் வில்லியம்ஸ் வந்தாரு, 2025ல கப்பும் வந்துச்சு. ட்ரேட் பண்றதுக்கான டெட்லைன் நெருங்குதேன்னு பயந்து கிடைச்ச விலைக்குத் தள்ளி விடற டீம்களப் பாத்தாதான் எனக்கு வயிறு எரியுது.

இப்படிக்கு,
உங்க வாசகன்