பேட்டரிக்கு நடுவே அட்டை போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில், லித்தியம் செல்களை வாங்கி வீட்டிலேயே பேட்டரி கட்டுவது எப்படி என்று அரைப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். எந்த செல் வாங்குவது, எந்த சார்ஜர், செல்களின் சார்ஜைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ் போர்டு எது என்றெல்லாம் விவரமாகச் சொன்னவர், மின்சாரம் தாவாமல் தடுக்கும் இன்சுலேஷனுக்கு வந்ததும் ஒரே வரியில் முடித்துவிட்டார்: செல்களுக்கு நடுவில் ஏதாவது கெட்டி அட்டையை வைத்து டேப் சுற்றினால் போதுமாம். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

நான் சேலம் அம்மாப்பேட்டையில் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். தறி மோட்டார், ஜவ்வரிசி ஆலை மோட்டார், கிணற்று மோட்டார் எல்லாம் எங்களிடம் வரும். நாங்கள் காப்பர் கம்பி சுற்றுவதைத்தான் ஜனங்கள் பார்க்கிறார்கள். ஆனால் அந்த மோட்டாரின் ஆயுள், ஸ்லாட்டுக்குள் மடித்துச் சொருகும் லெதராய்டு காகிதத்திலும் வார்னிஷிலும் இருக்கிறது. ஏ கிளாஸ் என்றால் 105 டிகிரி, பி கிளாஸ் 130, எஃப் 155, ஹெச் 180 என்று இன்சுலேஷனுக்கு வெப்பக் கணக்கு உண்டு. பட்டறையில் புதிதாகச் சேரும் பையன்கூட முதலில் இதைத்தான் கற்றுக்கொள்கிறான். செருப்புப் பெட்டி அட்டைக்கு எந்தக் கணக்கும் கிடையாது. ஈரத்தை உறிஞ்சும், அழுத்தினால் நசுங்கும், தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும்.

தாங்கள் அறியாததல்ல, இருந்தாலும் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 18650 என்ற செல்லின் குறுக்களவு 18 மில்லிமீட்டர், நீளம் 65 மில்லிமீட்டர். மேலே நடுவில் இருக்கும் மூக்கு மட்டும்தான் பாசிட்டிவ். அதைச் சுற்றியிருக்கும் விளிம்பு, பக்கவாட்டு, அடிப்பக்கம் எல்லாமே நெகட்டிவ். மூக்குக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு மெல்லிய கேஸ்கெட், விளிம்பின் மேலே ஒரு பி.வி.சி உறை, அவ்வளவுதான். மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை மூக்கிலும் இன்னொரு முனையை உறை விலகிய விளிம்பிலும் வைத்துப் பாருங்கள். முழு சார்ஜில் இருந்தால் 4.2 வோல்ட் காட்டும். மேலும் கீழுமாக இருப்பதாக நாம் நினைக்கும் இரண்டு முனைகளும் அங்கே ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கின்றன. செல்களை இணைக்கும் நிக்கல் பட்டையை மூக்கில் ஸ்பாட் வெல்டு வைத்து, அந்த விளிம்புக்குக் குறுக்கேதான் கொண்டுபோகிறோம்.

பொன்னம்மாப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி, சார்ஜ் நிற்க மாட்டேன் என்கிறது அண்ணா என்று தன் எலக்ட்ரிக் சைக்கிள் பேட்டரியைக் கொண்டுவந்தார். அவரே வீட்டில் கட்டியது. நீல உறையைக் கிழித்தால் உள்ளே, வரிசைக்கு வரிசை அளவாக வெட்டிய அட்டை. பாவம், பொறுமையாகத்தான் செய்திருந்தார். ஆனால் அட்டை முழுக்கப் பக்கவாட்டில் இருந்தது. மூக்குப் பக்கம் ஒன்றுமே இல்லை. ஒரு செல்லில், நிக்கல் பட்டை விளிம்பைக் கடக்கும் இடத்தில் கடுகளவு கறுப்புப் புள்ளி. உறை அங்கே சுருண்டு பட்டையின் அடியில் ஒட்டியிருந்தது. பக்கத்து அட்டையின் ஓரம் பழுப்பேறி, விரல் பட்டதும் உதிர்ந்தது. வண்டி குலுங்கக் குலுங்கப் பட்டையின் ஓரம் உறையை அறுத்து, தொட்டும் விட்டும் இருந்திருக்கிறது. மெயின் ஃபியூஸ் போட்டிருக்கிறேனே என்றார். ஷார்ட் நடப்பது ஃபியூஸுக்கு முன்னாலேயே, செல்லின் தலையில், தம்பி, அதற்கு எப்படித் தெரியும் என்றேன். அந்த பேட்டரியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து ராத்திரியெல்லாம் சார்ஜ் போட்டிருக்கிறார்.

இதற்கு மருந்து, பின்பக்கம் பசை தடவிய பார்லி பேப்பர் வளையம். மூக்குக்கு ஓட்டை விட்டு விளிம்பை முழுக்க மூடும். லெதராய்டின் பங்காளிதான் அது. விலை என்று சொல்லவே கூச்சப்படும் அளவுக்கு மலிவு. லெதராய்டும் பார்க்க அட்டை மாதிரிதான் இருக்கும். ஆனால் பருத்தி நாரை சிங்க் குளோரைடில் ஊறவைத்து அழுத்திக் கெட்டிப்படுத்தியது. பட்டையின் ஓரம் உரசினாலும் லேசில் அறுபடாது. தங்கள் கட்டுரையோடு வந்த கலர் படத்தில் ஒரு செல்லின் தலையிலும் வளையம் இல்லை. பத்துப் பேர் வரியைப் படித்தால் நூறு பேர் படத்தைப் பார்ப்பார்கள் என்பது தங்களுக்கே தெரியும்.

டேப் விஷயத்துக்கு வருகிறேன். கறுப்பு பி.வி.சி டேப்பின் பசை சூட்டில் இளகி வழுக்கிக்கொண்டு போகும். சேலத்துச் சித்திரை வெயில் 40 டிகிரியை ஒட்டி அடிக்கிறது. வெயிலில் நிறுத்திய வண்டியின் சீட்டுக்கு அடியில் அதற்கும் மேலே. அப்புறம், விவரம் தெரிந்தவர்கள் என்று சொல்லிக்கொள்பவர்கள் எல்லாவற்றுக்கும் கேப்டன் (Kapton) என்ற சூடு தாங்கும் பிளாஸ்டிக் டேப் என்கிறார்கள். நல்ல சாமான்தான், 200 டிகிரி தாண்டியும் சூடு தாங்கும். ஆனால் முடியைவிட மெல்லியது. நிக்கல் பிசிறு ஒன்று போதும், கிழிந்துவிடும். சூட்டுக்கு கேப்டன், உராய்வுக்கு லெதராய்டு என்று இரண்டையும் சேர்த்துப் போடுவதுதான் முறை.

ஏற்காட்டில் சிறு காபித் தோட்டம் வைத்திருக்கும் என் தங்கை வீட்டுக்காரர், மழைக்காலத்தில் அடிக்கடி கரண்ட் போய்விடுகிறது என்று சோலாருக்கு 3.2 வோல்ட் எல்.எஃப்.பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பெரிய செல் நான்கை வாங்கி 12.8 வோல்ட்டுக்கு அடுக்கி வைத்திருக்கிறார். அங்கே லெதராய்டு சரிவராது, மலைப் பனியில் ஈரம் ஏறும் என்று நான்தான் சொன்னேன். அந்தப் பெட்டி செல்களில் பலவற்றுக்கு அலுமினிய உடம்பே பாசிட்டிவோடு தொடர்பில் இருக்கும். மேலே இருப்பது வெறும் நீல பிளாஸ்டிக் தாள். சார்ஜ் ஏறி இறங்கும்போது செல் லேசாக உப்பி அமுங்கி ஒன்றோடொன்று உரசும். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்ததில் அந்தத் தாள் ஏற்கெனவே எங்கே கீறியிருக்கிறதோ. அதனால் ஒவ்வொரு செல்லுக்கும் நடுவே, கண்ணாடி நாரில் எப்பாக்ஸி ஏற்றிக் கெட்டிப்படுத்திய கிளாஸ் எப்பாக்ஸி ஷீட் வையுங்கள், ஈரமும் ஏறாது, நசுங்கவும் செய்யாது என்றேன். சரி என்று ஒத்துக்கொண்டவர், ஞாயிறு சாயங்காலம் போன் போட்டு, "பேப்பர்லயே போட்டிருக்காங்க மச்சான், அட்டையே போதுமாம், நீங்க சும்மா பயமுறுத்தறீங்க" என்கிறார். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் 30 கிலோமீட்டர்தான். அதற்குள்ளேயே இன்சுலேஷன் மாறுகிறது. தங்கள் கட்டுரையாளர் தமிழ்நாடு முழுவதற்கும் ஒரே அட்டையைக் கொடுத்துவிட்டார்.

இது முதல் தடவை என்றால் நான் பேனா எடுத்திருக்க மாட்டேன். முன்பு ஒரு முறை, படிப்பறிவில்லாத பட்டறைக்காரர்கள் செய்யும் வேலையால்தான் பேட்டரிகள் எரிகின்றன என்று எழுதினீர்கள். நாங்கள் வருத்தப்பட்டோம், ஆனால் வாயைத் திறக்கவில்லை. இப்போது படித்தவர் ஒருவர் அட்டை போதும் என்கிறார், அதை யாரும் திருத்தவில்லை. எங்கேயாவது வீட்டில் பேட்டரி எரிந்தால் படத்தோடு போடுகிறீர்கள், விசாரணை நடந்து வருகிறது என்று முடிக்கிறீர்கள். உள்ளே எது எதைத் தொட்டது என்று மறுநாளோ மறுமாதமோ ஒரு வரி வந்ததுண்டா? 2022-இல் மின்சார ஸ்கூட்டர்கள் எரிந்த பிறகு மத்திய அரசு, மின்சார வண்டி பேட்டரிகளின் பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ் 156 விதிகளை இறுக்கி, செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே போதிய இடைவெளி வேண்டும் என்று சேர்த்தது. கம்பெனிக்கு அந்தச் சட்டம் உண்டு. வீட்டில் கட்டும் பிள்ளைக்குத் தங்கள் பேப்பர்தான் சட்டம். செல்லுக்கு உள்ளேயே சூடு ஆரம்பித்தால் எந்தக் காகிதமும் அதை நிறுத்தாது. பிளாஸ்டிக் ஹோல்டரில் செல்களைத் தள்ளித் தள்ளி நிறுத்தினால்தான் பக்கத்து செல்லுக்குச் சூடு பரவுவது குறையும். அதைப் பற்றியும் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. எங்களைப் போன்ற ஒருவரிடம் ஐந்து நிமிடம் பேசியிருந்தால் சொல்லியிருப்போமே. அதற்கு நாங்கள் தகுதியில்லையா?

அந்தக் கட்டுரையாளரை மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு அதே இடத்தில், வளையம் ஒட்டிய செல்லின் படம் ஒன்றைப் போட்டு, அட்டை வேண்டாம், லெதராய்டோ எப்பாக்ஸி ஷீட்டோ வையுங்கள் என்று இரண்டு வரி எழுதினால் போதும். இரண்டுமே நம் ஊர் வைண்டிங் சாமான் கடைகளில் கிடைக்கும்.

போன முறை மின்னழுத்தம் பற்றி நான் எழுதிய கடிதத்தைச் சுருக்கி, காரணத்தை எடுத்துவிட்டுக் கோபத்தை மட்டும் வெளியிட்டிருந்தீர்கள். இந்த முறையும் இடம் போதாவிட்டால் என் கோபத்தை எடுத்துவிடுங்கள், வளையம் பற்றிய பத்தியை மட்டும் தயவுசெய்து விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மோட்டார் வைண்டிங் பட்டறை, அம்மாப்பேட்டை, சேலம்.