அடிலெய்டு பெற்ற பிள்ளைகள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் விக்டோரியா மகாராணி பற்றிய கட்டுரையில் ஒரு வரி: 'வாரிசு பெற்றுத் தராத அடிலெய்டு ராணியால் விக்டோரியாவுக்கு அதிர்ஷ்டம் அடித்தது.' நான்கு பக்கத்தில் அந்த அம்மாளுக்குக் கிடைத்த இடம் இவ்வளவுதான்.

மைனிங்கன் என்ற சின்ன ஜெர்மன் சமஸ்தானத்தில் பிறந்தவர் அவர். 1817இல் இங்கிலாந்து இளவரசி ஷார்லட் பிரசவத்தில் இறந்துபோக, அரியணைக்கு அடுத்த தலைமுறை வாரிசு இல்லாமல் போனது. அரசர் மூன்றாம் ஜார்ஜின் நடுவயது மகன்களுக்கு அவசர அவசரமாகப் பெண் தேடினார்கள். மறு வருடம் ஜூலையில் 25 வயது அடிலெய்டை, விக்டோரியாவின் பெரியப்பாவும் பின்னால் அரசரானவருமான 52 வயது வில்லியமுக்குக் கட்டிவைத்தார்கள். வில்லியமுக்கு ஒரு நடிகையிடம் ஏற்கெனவே பத்துப் பிள்ளைகள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

அடிலெய்டு பெறாதவரா? 1819 மார்ச்சில் ஜெர்மனியின் ஹனோவரில் நெஞ்சு நோயோடு கிடந்த கர்ப்பிணிக்கு, அந்தக் கால வைத்தியப்படி ரத்தம் எடுத்தார்கள். குறைமாதத்தில் பிறந்த மகள் ஷார்லட் அன்றே போய்விட்டாள். அதே வருடம் செப்டம்பரில், இங்கிலாந்துக்குப் போகும் வழியில் கரு கலைந்தது. 1820 டிசம்பரில் எலிசபெத் பிறந்தாள். மூன்று மாதம் நிறையவில்லை, 1821 மார்ச் 4 அன்று அவளும் போனாள். 1822இல் இரட்டை ஆண் குழந்தைகள், இரண்டும் உயிரில்லாமல். எலிசபெத் தூங்குகிற மாதிரி பளிங்கில் செய்த சிலை இன்றும் பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அந்தக் குழந்தை பிழைத்திருந்தால் விக்டோரியா ராணியாகியிருக்க முடியாது. இதையா அதிர்ஷ்டம் என்று எழுதுவது?

உங்கள் பத்திரிகைக்கு இது புதிதல்ல. பிரஷ்யாவின் லூயிசா ராணியைப் பற்றி முன்பு எழுதியபோதும் 'பேரழகி' என்று மூன்று இடத்தில் போட்டீர்கள். 1807இல் டில்சிட் என்ற ஊரில், போரில் வென்ற நெப்போலியனிடம் மக்டபர்க் நகரைத் திருப்பிக் கேட்டு மன்றாடியவர் அவர். அதற்கு ஒரு வரிகூட இல்லை. விக்டோரியாவின் தாயாரை 'பேராசைக்காரி' என்றீர்கள். எட்டு மாதக் கைக்குழந்தையோடும் கணவர் வைத்துப்போன கடனோடும் அந்நிய தேசத்தில் நின்ற விதவை அவர்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். என் மகன் ஏழாம் மாதத்தில் பிறந்து ஒரு ராத்திரி இருந்தான். பிறகு ஒரு மருத்துவமனையில் படிவம் நிரப்பும்போது பிள்ளைகள் என்ற கட்டத்தில் 1 என்று எழுதினேன். கவுன்டரில் இருந்தவர் விவரம் கேட்டுவிட்டு, என் கண் முன்னாலேயே அதை அடித்து 'இல்லை' என்று எழுதினார். உறவில் வளைகாப்பு என்றால் வளையல் தட்டு இன்றும் என்னைத் தாண்டித்தான் போகிறது. பெற்றுப் பறிகொடுத்தவளைப் பெறாதவள் என்று சொன்னால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் ஐயா.

இத்தனைக்குப் பிறகும் அடிலெய்டு கணவரின் பத்துப் பிள்ளைகளிடமும் அன்பாக இருந்தார். குழந்தை விக்டோரியாவைச் சீராட்டினார். மால்டாவின் வாலெட்டாவில் தன் சொந்தப் பணத்தில் ஒரு தேவாலயம் கட்டிக்கொடுத்தார். ஆடம்பரம் வேண்டாம், மாலுமிகள் என் பெட்டியைச் சுமந்தால் போதும் என்று எழுதிவைத்துவிட்டு 1849இல் இறந்தார்.

அடுத்த இதழில் எந்த மூலையிலாவது திருத்தம் போடுங்கள்: அடிலெய்டுக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள், பிழைக்கவில்லை என்று. ஷார்லட், எலிசபெத் என்ற பெயர்களும் அதில் வர வேண்டும். இடம் போதாதென்றால் இந்தக் கடிதத்தில் மற்ற எல்லாவற்றையும் வெட்டிவிடலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி