ஜாஸ் படிப்பு: ஒரு மிருதங்க ஆசிரியரின் பதில்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார இதழின் கடிதப் பகுதியில் ஒரு வாசகர், அரங்கேற்றம் முடிந்ததும் பிள்ளைகள் இசையை ஒதுக்கி வைத்துவிட்டுப் படிப்பைப் பார்க்க வேண்டும், மேற்கத்திய ஜாஸ் இசைக்கு என்று நாலு வருடம் பல்கலைக்கழகத்துக்குக் காசு கட்டுவது வீண் என்று எழுதியிருந்தார். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நீண்ட காலமாக மிருதங்கம் சொல்லிக்கொடுக்கும் எனக்கு அதை வாசித்துவிட்டுப் பேசாமல் இருக்க மனம் வரவில்லை. என்னிடம் சின்ன வயதிலிருந்து படித்த ஒரு பிள்ளை இந்த வருடம் இங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் ஜாஸ் ட்ரம்ஸில் பட்டம் முடித்திருக்கிறான். அவன் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான்.

சேருவதற்கே ஆசிரியர்கள் முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும். ஜாஸின் துள்ளல் நடையான ஸ்விங் ஒன்று, பிரேசில் நடையான போசா நோவா ஒன்று, குச்சிக்குப் பதிலாகப் பிரஷ்ஷால் வாசிக்கும் மெதுவான பாட்டு ஒன்று, அப்புறம் இசை எழுதிய, முன்பின் பார்க்காத ஒரு தாளைப் பார்த்தவுடன் வாசிக்க வேண்டும். சேர்ந்த பிறகு ட்ரம்ஸ்காரனும் பியானோ படிக்கத்தான் வேண்டும். காதுப் பயிற்சி வகுப்பில் நாலைந்து ஸ்வரங்களைச் சேர்த்து அழுத்துவார்கள், அவை எவை என்று கேட்டே எழுத வேண்டும். பெரிய கலைஞர் ஒருவரின் பழைய ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அவருடைய தனி வாசிப்பை ஓர் அடியும் பிசகாமல் எழுதி, அந்தப் பதிவோடு சேர்ந்து வாசித்துக் காட்ட வேண்டும். பாடாந்தரம், அதாவது குரு சொல்லிக்கொடுத்த பாடம், சுத்தமாக இருக்கிறதா என்று நாங்கள் பார்ப்பதைவிட அவர்கள் குறைவாகப் பார்ப்பதில்லை. வருட முடிவுப் பரீட்சையில் பாட்டின் பெயரை மட்டும் சொல்வார்கள். அந்த இடத்திலேயே, தாள் இல்லாமல் தொடங்க வேண்டும்.

மிருதங்கம் படித்த பிள்ளைக்கு இதில் ஒரு பாதி ஏற்கனவே கையில் இருக்கிறது. ஜாஸில் தாளத்தைப் பார் என்ற சிறு பகுதிகளாக எண்ணுவார்கள். நிறையப் பாட்டுகள் 32 பார் கொண்டவை, ஒரு பாருக்கு நாலு அடி. ஆக 128 அடி, எட்டு அடி கொண்ட எங்கள் ஆதி தாளத்தில் சரியாக 16 ஆவர்த்தனம், அதாவது 16 சுற்று. ட்ரம்ஸ்காரன் தனியாக வாசிக்கும்போது அந்த 32 பாரும் அவன் மனதுக்குள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், முடித்துக் கொடுக்கும் இடத்தில் எல்லோரும் ஒன்றாகப் பாட்டின் தொடக்கத்துக்கு வந்து சேர வேண்டும். சாக்ஸபோனும் ட்ரம்ஸும் நாலு நாலு பாராக மாறி மாறி வாசிப்பதும் உண்டு. கச்சேரியில் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கஞ்சிராவும் மாறி மாறி அளவைக் குறைத்துக்கொண்டு வருவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அதை விளக்க வேண்டியதே இல்லை.

மற்றப் பாதிதான் கஷ்டம். எங்கள் பிள்ளைகளுக்குக் கணக்கு வரும், முடிப்புக் கணக்கான கோர்வை வரும், ஆனால் ஸ்விங் இலகுவில் வராது. இவனுக்கும் வரவில்லை. இடைவெளி கண்ட இடமெல்லாம் நிரப்பினான். முதல் வருடம் அவனுடைய ஆசிரியர் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, வலக்கையில் ரைட் சிம்பல் என்ற பெரிய தட்டையும் இடக்காலில் இரண்டாம் நாலாம் அடிக்கு ஹை-ஹாட் என்ற ஜோடித் தட்டையும் மட்டும் வாரக்கணக்காக வாசிக்க விட்டார். எனக்கு அந்த ஆசிரியர் மேல் அன்றைக்கே பெரிய மரியாதை வந்துவிட்டது. சர்வலகு என்ற சீரான ஓட்டம் சுகமாக நிற்காதவனுக்கு மோரா என்ற முடிப்பு எதற்கு என்று நானும் என் வகுப்பில் சொல்வேன். அதோடு ஹார்மனி, அதாவது பல ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிக்கும் முறை. பாட்டின் கோர்ட்ஸ் என்ற அந்த ஸ்வரக் கூட்டுகள் எங்கே மாறுகின்றன, பியானோக்காரர் எங்கே இறுக்குகிறார், எங்கே விடுகிறார் என்று கேட்டு அதற்கு ஏற்றபடி வாசிக்க வேண்டும். எங்கள் இசையில் இல்லாத விடயம் அது, அவன் அதைப் புதிதாகத்தான் படித்தான்.

"பாரில் வாசிக்கும் இசை", அதாவது மதுக்கடை இசை, என்றும் அந்த வாசகர் எழுதியிருந்தார். கிளப்புகளில் வாசிப்பார்கள், உண்மைதான். ஆனால் ஜாஸின் பெரிய கலைஞர்களான சார்லி பார்க்கர், டிஸி கில்லெஸ்பி, பட் பவல், சார்ள்ஸ் மிங்கஸ், மாக்ஸ் ரோச் என்ற ஐந்து பேரும் 1953 மே 15 அன்று ஒன்றாக வாசித்தது இதே ரொறன்ரோவின் மாசி ஹோல் என்ற இசை மண்டபத்தில். கனடா பெற்ற மிகப் பெரிய ஜாஸ் பியானோக் கலைஞரான ஒஸ்கார் பீற்றர்சன், கரீபியன் தீவிலிருந்து மொன்றியலுக்கு வந்து ரயிலில் போட்டராக வேலை செய்த ஒருவரின் மகன். அந்தத் தகப்பன் வேலைக்குப் போய் வந்துகொண்டே பிள்ளைகளுக்கு இசை சொல்லிக்கொடுத்தார். வந்த புதிதில் இரவு வேலை செய்து, சனிக்கிழமை காலையில் நித்திரை முழித்துப் பிள்ளையை என் வகுப்புக்குக் கொண்டுவந்து விட்ட பெற்றோரை எனக்குத் தெரியும். அந்த வீட்டுக் கதை இவர்களுக்கு அந்நியமானதா?

பீற்றர்சன் 1991 முதல் 1994 வரை இங்குள்ள யோர்க் பல்கலைக்கழகத்தின் வேந்தராக இருந்தார். பழனி சுப்பிரமணிய பிள்ளையின் சீடரான மிருதங்க வித்துவான் திருச்சி சங்கரன் 1971-இல் இந்திய இசை கற்பிக்க வந்ததும் அதே யோர்க் பல்கலைக்கழகத்துக்குத்தான். அவருடைய மகள் சுபா சங்கரன் கர்நாடக இசையையும் ஜாஸையும் சேர்த்துப் பாடுகிறார். இந்த இரண்டு இசையும் இந்த ஊரில் அரை நூற்றாண்டாகப் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. எங்கள் சமூகத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நினைத்தால் எனக்கு உண்மையாகவே வருத்தம்.

வேலை பற்றிய பயம் நியாயமானது. கச்சேரி வாசித்து மட்டும் வீட்டு வாடகை கட்டுவது கடினம். வாசிப்பவர்கள் பலரும் சொல்லியும் கொடுக்கிறார்கள். பாடசாலையில் கற்பிக்க விரும்பினால் ஒன்ராறியோவில் பட்டத்துக்குப் பிறகு பி.எட். படிக்க வேண்டும். உயர்நிலைப் பள்ளியில் கற்பிப்பதற்கு இரண்டு பாடங்கள் தேவை, ஆகவே இசையோடு கணிதமோ பிரெஞ்சோ முதல் வருடத்திலிருந்தே எடுத்து வருவது நல்லது. இதை யாரும் பெற்றோருக்கு நேரத்தோடு சொல்வதில்லை. ஜாஸுக்குப் பட்டம் ஒன்றுதான் வழி என்றும் நான் சொல்ல வரவில்லை. தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த விஜய் ஐயர் யேல் பல்கலைக்கழகத்தில் படித்தது கணிதமும் பௌதிகமும். இன்று அவர் உலகம் அறிந்த ஜாஸ் பியானோக் கலைஞர், 2014 முதல் ஹார்வர்டில் இசைப் பேராசிரியர். ஆனால் நாள் முழுக்கத் தன்னை ஒத்தவர்களோடு சேர்ந்து வாசித்துத்தான் வளருவேன் என்று ஒரு பிள்ளை கேட்டால், அதற்கு இந்தப் படிப்பைப் போல வசதியான இடம் வேறு இல்லை.

அரங்கேற்றத்துக்கு மண்டபம், சாப்பாடு, வீடியோ என்று செலவழிக்க நாங்கள் யோசிப்பதில்லை. உங்கள் பத்திரிகையும் படங்களோடு முழுப் பக்கம் கொடுக்கிறது, அதற்கு என் நன்றி. அதே பக்கத்தில் பல்கலைக்கழக ஜாஸ் மாணவர்களின் கச்சேரி அறிவித்தல்களுக்கும் ஒரு சின்ன இடம் ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தவணை முடியும் நாட்களில், நவம்பர் கடைசியிலும் மார்ச், ஏப்ரலிலும், அவை அதிகமாக நடக்கும். பலவற்றுக்கு அனுமதி இலவசம். விபரம் அனுப்பிவைக்க நான் தயார். சென்ற வாரம் எழுதிய வாசகர் வருவதென்றால் அவரையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மிருதங்க ஆசிரியர்,
ஸ்காபரோ