அந்த போட்டோவுல இருக்கிற விரல்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல பல் எக்ஸ்ரேவுக்கு பயப்படணுமான்னு முக்கால் பக்கம் போட்டிருந்தீங்க, நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, ஆனா மேல போட்ட போட்டோவ பாத்ததும் எனக்கு சுருக்குன்னு ஆயிடுச்சு. சேர்ல பேஷண்ட், கன்னத்துக்கிட்ட எக்ஸ்ரே கோன் (கதிர் வெளிய வர்ற குழாய்), பேஷண்டுக்கு ஈயம் வெச்ச ஏப்ரன் எல்லாம் பக்காவா போட்டிருக்கு, வாய்க்குள்ள படம் பதியற சென்சாரை பிடிச்சிருக்கிறது மட்டும் கிளவுஸ் போட்ட அசிஸ்டென்ட் பொண்ணோட விரல். கட்டுரை முழுக்க பேஷண்டுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லிட்டு அந்த விரலை பத்தி ஒரு வரி கூட இல்ல.

நான் 11 வருஷமா டென்டல் அசிஸ்டென்ட். பேஷண்டுக்கு சொன்னது சரிதான், ஆர்விஜில, அதாவது படம் கம்ப்யூட்டர்ல வர்ற டிஜிட்டல் எக்ஸ்ரேல, ஒரு பல்லுக்கு எடுத்தா 5 மைக்ரோ சீவர்ட் (உடம்புல படற கதிர்வீச்சோட அளவு) சுத்துலதான் வரும், மண்ணு காத்து சாப்பாடுன்னு இயற்கையாவே நம்ம மேல ஒரு நாளைக்கு 6, 7 மைக்ரோ விழுது. ஆனா அந்த 5ங்கிறது உடம்பு முழுக்கன்னு போட்ட கணக்கு சார், பீம், அதாவது எக்ஸ்ரே கதிர், நேரா படற தோல்ல அத விட நூறு மடங்குக்கு மேல விழும். பேஷண்டுக்கு அது வருஷத்துல ஒண்ணு ரெண்டு தடவ, நாங்க ஒரு நாளைக்கு 15, 20 எடுப்போம், அத்தனைக்கும் அதே ரெண்டு விரல்னா யோசிச்சு பாருங்க. கிளவுஸ் எச்சில்ல இருந்து காப்பாத்தும், எக்ஸ்ரேவ தடுக்காது.

நானும் பிடிச்சவதான். முதல்ல வேலை பாத்த கிளினிக்ல சென்சாரை மாட்டுற ஹோல்டரே கிடையாது, சின்ன பசங்க வந்தா "நீ பிடிச்சுக்கோம்மா ஒரு செகண்டுதானே"ன்னு சொல்லிட்டு டாக்டர் வெளிய போய் பட்டனை அமுக்குவார். அவர் வெளிய போறாரேன்னு எனக்கு ரொம்ப நாள் தோணவே இல்ல. அதுக்கப்புறம் வந்த இடத்துல மேடம்தான் கெல்ஸ்னு ஒரு அமெரிக்க பல் டாக்டர் கதைய சொன்னாங்க, நியூ ஆர்லியன்ஸ்காரர், 1896லயே பல் எக்ஸ்ரே எடுக்க ஆரம்பிச்சவர், பீம் சரியா வருதான்னு பாக்க தன் கையையே குறுக்க வெச்சு வெச்சு பாத்திருக்கார், அப்புறம் புற்றுநோய் வந்து விரல் விரலா எடுத்து கடைசில கையே போயி 1928ல இறந்துட்டார். அந்தக்கால மெஷின் வேற, டோஸ் வேற, எனக்கும் தெரியும். இருந்தாலும் அன்னிக்கு ராத்திரி என் விரலை நானே திருப்பி திருப்பி பாத்துக்கிட்டு இருந்தேன்.

இதுக்கு பெரிய செலவும் இல்ல சார். பிளாஸ்டிக் ஹோல்டர்ல சென்சாரை மாட்டி பேஷண்டை கடிக்க சொன்னா போதும். குமட்டுதுன்னா மூக்கால மூச்சு விடுங்க, ஒரு காலை தூக்கி வெச்சுக்கோங்கன்னு சொல்வேன், கவனம் காலுக்கு போயிடும், இல்லன்னா நாக்கு நுனில துளி உப்பு, பாதி பேருக்கு மேல அதுலயே அடங்கிடுவாங்க. குழந்தை உக்காரவே மாட்டேங்குதுன்னா அம்மாவோ அப்பாவோ ஏப்ரன் போட்டு பிடிச்சுக்கலாம் (கர்ப்பமா இருக்கிறவங்க கூடாது), அவங்களுக்கு அது எப்பவோ ஒரு தடவ, எங்களுக்கு தினம். டியூப் ஹெட் (எக்ஸ்ரே மெஷினோட தலைப்பகுதி) ஆடுதுன்னு அதை கையால பிடிச்சுக்கிட்டு எடுக்கிற ஆளுங்களும் இருக்காங்க, அதுவும் அதே தப்புதான், ஸ்க்ரூவ டைட் பண்ண ஆளைக் கூப்பிடணும்.

அடுத்தது எங்க நிக்கிறோம்ங்கிறது. ரூமுக்கு வெளிய போக முடியலன்னா குறைஞ்சது 2 மீட்டர் தள்ளி, பீமுக்கு நேர் எதிர்ல இல்லாம பக்கவாட்டுல கொஞ்சம் பின்னாடி தள்ளி நிக்கணும். அரை மீட்டர்ல நிக்கிறவங்க 2 மீட்டருக்கு போனா மேல விழறது 16ல ஒரு பங்கா குறைஞ்சிடும், நாலு எட்டு நடக்கிறதுக்கு இது கிடைக்குதுன்னா அதை விட மலிவான பாதுகாப்பு எது சொல்லுங்க.

ஏப்ரனை பத்தி உங்க கட்டுரைல நிறைய இருந்துச்சு. 2024ல அமெரிக்க பல் மருத்துவ சங்கம் பேஷண்டுக்கு ஏப்ரனும் கழுத்துல கட்டற தைராய்டு காலரும் தேவையில்லன்னே சொல்லிடுச்சு, அதுக்கு பதிலா பீமை சின்னதா ஆக்குங்க, தேவையில்லாம எடுக்காதீங்கன்னு சொல்றாங்க. நாங்க இன்னும் போடறோம், பேஷண்டுக்கு ஒரு தைரியம். ஆனா அதே ஏப்ரனை மடிச்சு டிராயர்ல திணிச்சா உள்ள இருக்கிற ஈயம் விரிசல் விட்டுடும், கம்பில தொங்கத்தான் விடணும். என்னைக் கேட்டா ஏப்ரனை விட ரீடேக்தான் பெரிய விஷயம், கோனை சரியா வெக்காம படத்தோட ஓரம் வெட்டிட்டா திரும்ப ஒண்ணு, படத்துல பல்லு நீட்டமா தெரிஞ்சா இன்னொண்ணு, ஒரு பல்லுக்கு மூணு தடவ எடுத்துட்டு ஏப்ரன் போட்டேனேன்னு சொல்லி என்ன பிரயோஜனம்.

நம்ம ஊர்ல அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் எங்கள மாதிரி ஆளுங்களுக்கு உடம்புக்கு வருஷ சராசரி 20 மில்லி சீவர்ட் (ஒரு மில்லின்னா ஆயிரம் மைக்ரோ), கைக்கு 500ன்னு தனித்தனியா வரம்பு வெச்சிருக்கு. கைக்குன்னு தனியா ஏன் வெச்சாங்கன்னு உங்க போட்டோவ பாத்தாலே புரியும்.

அடுத்த தடவ இந்த மாதிரி போட்டா ஹோல்டரை கடிச்சுக்கிட்டு இருக்கிற பேஷண்ட் படமா போடுங்க சார். கிடைக்கலன்னா சொல்லுங்க, எங்க மேடம்கிட்ட நான் கேட்டு வெக்கிறேன், சாயங்காலம் 5 மணிக்கு முன்னாடி வந்தா கூட்டம் இருக்காது.

இப்படிக்கு,
ஒரு டென்டல் அசிஸ்டென்ட், திண்டுக்கல்