அந்த ஒரு வரியைத் திருத்துங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாட்டுக் கொழுப்பில் செய்யும் முகக் களிம்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை முழுக்கப் படித்தேன். அதில் சொன்ன பலவற்றில் எனக்கு வழக்கு இல்லை. ஒரே ஒரு வரிதான் பொறுக்கவில்லை: “நம் தோலின் எண்ணெயைப் போலவே இருப்பதால், இதைப் பூசுகிறவர்களுக்கு டாக்டர் எழுதித் தரும் க்ரீமும் சன்ஸ்கிரீனும் இனித் தேவைப்படாது.” கொழுப்பை உருக்கிக் களிம்பு செய்வதுதான் என் தொழில். ஆகவே கொழுப்பைப் பிடிக்காத யாரோ எழுதுகிறார் என்று இந்தக் கடிதத்தைத் தள்ளிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

“போலவே” என்று எதை வைத்து அச்சிட்டீர்கள்? நம் தோலில் சுரக்கும் எண்ணெயான சீபத்தில் ஏறக்குறைய கால் பங்கு மெழுகு எஸ்டர் (மெழுகு வகைக் கொழுப்பு), எட்டில் ஒரு பங்கு ஸ்குவாலீன் என்ற எண்ணெய்ப் பொருள். மாட்டுக் கொழுப்பு கிட்டத்தட்ட முழுக்க டிரைகிளிசரைடு, அதாவது சமையல் எண்ணெயில் இருக்கும் வகைக் கொழுப்பு. மனித சீபத்தில் மிகுதியாக இருக்கும் சப்பியெனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் அதில் இல்லை. ஓலியிக், பால்மிடிக், ஸ்டியரிக் அமிலங்கள் இரண்டிலும் இருப்பது உண்மைதான். அவை சமையல் எண்ணெய்களிலும் இருக்கின்றன. அதோடு, தோலின் மேலடுக்கில் ஈரத்தைப் பிடித்துவைப்பது சீபம் அன்று. செல்களுக்கு இடையே உள்ள கொழுப்புப் படலம்தான் அந்த வேலையைச் செய்கிறது. அதில் பாதி செரமைடு என்ற கொழுப்பு வகை, கால் பங்கு கொலஸ்ட்ரால், மீதியில் பெரும்பகுதி தனிக் கொழுப்பு அமிலங்கள். மாட்டுக் கொழுப்பில் செரமைடு என்று சொல்லும்படி எதுவும் கிடையாது.

பின் அது என்னதான் செய்கிறது? மேலே படலமாக நின்று நீர் ஆவியாவதைக் குறைக்கிறது. வெடித்த குதிகால், வறண்ட முழங்கால், அடிக்கடி கழுவித் தோல் உரிந்த கை ஆகியவற்றுக்கு அது நல்ல உதவி. அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அந்த வேலையைப் பெட்ரோலியம் ஜெல்லி இன்னும் நன்றாகச் செய்கிறது. பழைய மருந்தகங்களில் களிம்புக்கு அடிப்படையே பன்றிக் கொழுப்புதான். காறிப்போகாமல் இருக்க அதில் சாம்பிராணி வகைப் பிசினைக் கலந்து வைத்தார்கள். 1872இல் ராபர்ட் செஸ்ப்ரோ என்பவர் வாசலின் என்ற பெட்ரோலியம் ஜெல்லிக்குக் காப்புரிமை பெற்றார். அது காறாது, வாடை ஏறாது. மருந்து செய்பவர்கள் விலங்குக் கொழுப்பைக் கைவிட்டதற்கு இந்தக் காரணம் போதும். கட்டுரையாளர் எழுதியதுபோல் யாரும் சதி செய்து மறைக்கவில்லை.

மாட்டுக் கொழுப்பில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் ஓலியிக் அமிலம். தோலின் தடுப்புக்கு உதவும் லினோலெயிக் அமிலம் சில சதவீதம்தான். ஓலியிக் அமிலம் தோலின் தடுப்பைத் தளர்த்தும். மருந்து தோலுக்குள் இறங்குவதற்காகவே அதைச் சில தயாரிப்புகளில் சேர்க்கிறார்கள். கரப்பான் (எக்ஸிமா) உள்ள தோலிலும் பச்சிளம் குழந்தையின் தோலிலும் இதைத் தாராளமாகப் பூசச் சொல்வதற்கு முன் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். பொடுகும் தேமலும் உள்ளவர்கள் நிலை இன்னும் மோசம். அவற்றுக்குக் காரணமான மலசீசியா என்ற பூஞ்சை தானாகக் கொழுப்பு அமிலங்களைச் செய்துகொள்ளாது, வெளியிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். மூக்கோரத்தில் செதில் உதிர்கிற முகத்தில் இரவெல்லாம் கொழுப்பைப் பூசிவைத்தால் அதற்கு நாமே தீனி போடுகிறோம்.

சன்ஸ்கிரீன் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. மாட்டுக் கொழுப்புக்கு வெயிலைத் தடுக்கும் திறன் கிடையாது. துத்தநாக ஆக்சைடு தூளை வீட்டில் கலந்தால் போதும் என்று பெட்டிச் செய்தியில் போட்டிருக்கிறீர்கள். கையால் கலக்கும் தூள் கட்டிகட்டியாக நிற்கும். படலத்தில் விழும் இடைவெளி கண்ணுக்குத் தெரியாது, அந்த இடம் மட்டும் கருகும். வெயிலை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் எஸ்பிஎஃப் எண் என்பது சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்துப் பெறும் அளவு. சமையலறைக் கலவைக்கு அந்த எண்ணை யாரும் தர முடியாது.

எனக்கு உண்மையில் வயிறு எரிந்தது செய்முறையைப் பார்த்துத்தான். “கொழுப்பை உருக்கி வடிகட்டி, கற்றாழையும் தேனும் கலந்து பாட்டிலில் அடைக்கவும்” என்று முடித்துவிட்டீர்கள். சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் கெட்டிக் கொழுப்புதான் இதற்கு ஏற்றது. ரத்தம், சதை, சவ்வு எல்லாவற்றையும் நீக்கி, பொடியாக நறுக்க வேண்டும். சதைத் துணுக்கு கிடந்தால் அது தீய்ந்து வாடையும் பழுப்பு நிறமும் ஏறும். ஒரு கிலோவுக்கு அரை லிட்டர் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி உப்பு. எவர்சில்வர் பாத்திரம் மட்டுமே. செம்பும் இரும்பும் கொழுப்பைச் சீக்கிரம் காறவைக்கும். கொதிக்கவிடாமல் மெல்லிய தீயில் உருக்கி, மெல்லிய துணியில் வடித்து, உறையவிட வேண்டும். மேலே வட்டாகத் திரண்டதை எடுத்தால் அடியில் பழுப்பு நிறத்தில் கூழ் ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டி எறிந்துவிட்டு, புதுத் தண்ணீரும் உப்பும் விட்டு மீண்டும் உருக்க வேண்டும். வடிநீர் தெளிவாக வரும்வரை, பொதுவாக இரண்டு மூன்று முறை. கடைசி வட்டை மட்டும் தண்ணீர் இல்லாமல் 110 டிகிரி செல்சியஸ் அளவில், குமிழி முழுக்க அடங்கும்வரை வைத்திருக்க வேண்டும். இந்தக் கட்டத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். உள்ளே தங்கிய ஈரத்தில் பூசணம் பிடிக்கும். கொழுப்பும் உடைந்து தனி அமிலங்களாகும். அவை தோலில் சுரீரென்று எரியும். வாசகர்கள் “பழகப் பழகச் சரியாகும்” என்று அந்த எரிச்சலைப் பொறுத்துக்கொள்வார்கள்.

கற்றாழை, தேன், பன்னீர் என்று நீர் உள்ள எதைச் சேர்த்தாலும் கிருமி வளராமல் தடுக்கும் பிரிசர்வேட்டிவ் வேண்டும். வைட்டமின் ஈ அந்த வேலையைச் செய்யாது. அது காறலைத்தான் தள்ளிப்போடும், கிருமியைத் தடுக்காது; நூறு கிராமுக்கு அரை கிராம் தாண்டத் தேவையில்லை. மணமூட்ட வாசனை எண்ணெய் “பத்துப் பதினைந்து சொட்டு” என்கிறீர்கள், எத்தனை கிராம் களிம்புக்கு என்று சொல்லவில்லை. முகத்துக்கு நூறு கிராமில் அரை கிராமே அதிகம். தோலிலிருந்து பிழிந்தெடுத்த எலுமிச்சை எண்ணெயோ, பெர்கமாட் என்ற நாரத்தை வகைப் பழத்தின் எண்ணெயோ சேர்த்துவிட்டு வெயிலில் போனால் கொப்புளமே வரும். களிம்பு மணல்மணலாக உறைந்தால் பயப்பட வேண்டாம். மெதுவாக ஆறியதால் ஸ்டியரிக் மிகுந்த பகுதி முதலில் உறைந்திருக்கிறது. முழுக்க உருக்கி, பனிக்கட்டித் தண்ணீரில் பாத்திரத்தை வைத்துக் கிளறிக்கொண்டே ஆறவிட்டால் சரியாகும். ஈரக் கையை மட்டும் ஜாடிக்குள் விடக் கூடாது.

இதே பகுதியில் முன்பு எலுமிச்சைச் சாற்றையும் பேக்கிங் சோடாவையும் முகத்துக்குப் போடச் சொன்னீர்கள். தோலின் இயல்பு அமிலத்தன்மை பிஎச் 5ஐ ஒட்டியது, சோடாக் கரைசல் 8ஐத் தாண்டும். அப்போதும் எழுதினேன், பிரசுரமாகவில்லை. சிவப்பழகு க்ரீம் விளம்பரத்துக்கு முழுப் பக்கம் கொடுத்தீர்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்பை மாதக்கணக்கில் பூசினால் முகத்தோல் மெலிந்து ரத்தக் குழாய்கள் சிவந்து தெரியும் என்ற எச்சரிக்கைக்கு இரண்டு வரி கிடைக்கவில்லை.

உங்கள் டாக்டர் பக்கத்தின் மீதும் எனக்குக் குறை உண்டு. “கொழுப்பு துளைகளை அடைத்துப் பரு வரவைக்கும்” என்று ஒரே வாக்கியத்தில் தள்ளிவிட்டார்கள். எது துளையை எவ்வளவு அடைக்கும் என்று மதிப்பெண் போடும் பட்டியல்களில் பல, முயல் காதில் பூசிப் பார்த்து வந்தவை, மனித முகத்துக்கு அப்படியே பொருந்தாது. அவர்கள் பரிந்துரைக்கும் க்ரீமில் உள்ள ஸ்டியரிக் அமிலமும் சோப்பில் உள்ள சோடியம் டாலோவேட்டும் எங்கிருந்து வருகின்றன? பின்னது மாட்டுக் கொழுப்பேதான், முன்னது பல நேரம் அதிலிருந்து வருவது. மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற பிரிசர்வேட்டிவை அமெரிக்கத் தொடு ஒவ்வாமைச் சங்கம் 2013இல் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. அதுவும் க்ரீம்களில் இருந்ததுதான். இயற்கை என்றால் நல்லது, கடை க்ரீம் என்றால் நல்லது, இரண்டுமே கவனமில்லாத பேச்சு. “மாய்ஸ்சரைசர் தடவுங்கள்” என்று எழுதும் டாக்டர் எவ்வளவு என்று சொல்வதில்லை. உடல் முழுதும் கரப்பான் உள்ள வயதுவந்த ஒருவருக்கு வாரம் 500 கிராம் வரை ஆகும். குளித்ததும் தோல் ஈரமாக இருக்கும்போதே பூச வேண்டும். பூசியது எதுவானாலும் அது ஊறிய துணி தீயில் வேகமாகப் பற்றும் என்றும் சொல்ல வேண்டும். 2018இல் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பாரஃபின் உள்ள களிம்பு, இல்லாத களிம்பு எல்லாவற்றுக்கும் சேர்த்தே எச்சரித்தது.

தங்களிடம் கேட்பது சிறியது. அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே எழுத்து அளவில் நான்கு வரி போடுங்கள்: மாட்டுக் கொழுப்பு வெயிலைத் தடுக்காது, எழுதித் தந்த மருந்தை அதற்காக நிறுத்தக் கூடாது, நீர் சேர்த்த களிம்பைப் பிரிசர்வேட்டிவ் இல்லாமல் வைக்கக் கூடாது, எரிந்தாலோ செதில் கூடினாலோ கழுவிவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். இடம் போதாது என்றால் இந்தக் கடிதத்தின் மற்ற பகுதிகளை வெட்டிக்கொள்ளலாம். அந்த நான்கை மட்டும் வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
களிம்புத் தயாரிப்பில் உள்ள ஒரு நெடுநாள் வாசகர்